கோல்ஃபுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

அன்றைக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தவர்கள்: சாராள் அக்கா; கடை அவளுடையது, கண் பரிசோதிப்பவளும் அவள்தான். ஆதிநாராயணன் சார், சிப்காட்டில் காருக்குத் தகடு அடிக்கும் ஒரு கொரியாக்காரர் கம்பெனியில் பிரஸ் ஷாப் மேனேஜர். அவருடைய மனைவி தமிழ்செல்வி. கம்பெனிக் காரின் டிரைவர் லோகு. பாதி நேரம் உள்ளே, பாதி நேரம் வாசலில். கடைசியாக நான், விமல். அதே கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்து, ஒரு விடியற்காலையில் வேலையை விட்டுவிட்டு வந்தவன். ஏன் விட்டாய் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம் வரவில்லை. இப்போது சாராள் அக்கா கடையில் ஃப்ரேம் துடைக்கிறேன், லென்ஸ் மாட்டுகிறேன். தூக்கம் இப்போதும் வருவதில்லை.

கடை கும்மிடிப்பூண்டி பஜாரில், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருக்கிறது. எதைத் துடைத்து வைத்தாலும் அடுத்த லாரி போனதும் மறுபடி தூசி. சார் உள்ளே வந்ததும் கண்ணாடி மேஜைமேல் ஒரு வெள்ளைப் பந்தை வைத்தார். அது உருண்டது. பிடிக்கக் கையை நீட்டினார். கை பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. பந்தை நான் பிடித்தேன்.

"கோல்ஃப் பந்து," என்றார். "இத்த வெயில்ல பாக்கணும். பவர் வெச்ச கூலிங்கிளாஸ் வேணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள."

"சார் கோல்ஃப் எல்லாம் ஆடுறீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆடுறாராவா?" என்றான் லோகு வாசலிலிருந்து. "பொன்னேரில வயலே பேஜாராயிடுச்சுக்கா."

தமிழ்செல்வி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "நெல்லு அறுத்த வயல்ல மட்டையத் தூக்கிக்கினு நிக்கிறாரும்மா. ஊர்ல போற வர்றவன்லாம் கேக்கறான், ‘யக்கா, மாமா எலி அடிக்கிறாரா’ன்னு. போன வாரம் பந்துன்னு நெனச்சி மனைக்கல்ல போய் அடிச்சி, மட்டை கோணிப்போச்சு. அது கல்லுய்யா, வெள்ளை அடிச்ச கல்லுன்னு கத்தறேன், காதுலயே வாங்கல."

"கோவத்துல அடிச்சது," என்றார் சார்.

"கல்லு மேல இன்னா கோவம்?"

 லோகு சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

கோல்ஃப் எதற்கு என்று எனக்கு முன்பே தெரியும். லோகு சொல்லியிருந்தான். கம்பெனி புது லைன் ஒன்று போடுகிறது. அதற்குத் தலைவராகப் போகிறவரை டைரக்டர் தேர்ந்தெடுக்க வேண்டும். டைரக்டர் கொரியாக்காரர், ஞாயிற்றுக்கிழமையானால் சென்னைக்குப் போய் கோல்ஃப் ஆடுவார். போட்டியில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் ஆதிநாராயணன். இன்னொருவன் வசந்தகுமார், இளைஞன், சென்னையில் படித்தவன், காலேஜ் நாளிலேயே கோல்ஃப் ஆடியவன். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் டைரக்டர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்.

சம்பளம் கூடும், தனக்கென்று ஒரு கார் கிடைக்கும். ஆனால் சார் தவித்தது அதற்காக இல்லை. அதைப் புரிந்துகொள்ள எங்கள் கம்பெனிகளின் மெடிக்கல் பற்றித் தெரிய வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தரம் மெடிக்கல் வேன் வரும். பிரஸ் ஷாப்பில் நிற்கிறவன் எல்லாரும், மேனேஜர் வரைக்கும், கண் காட்ட வேண்டும். கண் சரியில்லாதவனை பிரஸ் பக்கத்தில் விடமாட்டார்கள். நல்ல விதிதான், அந்த மெஷின் விரலுக்கும் தகட்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. ஆனால் பிரஸ் பக்கத்தில் விடாதவனுக்கு வேறு வேலையும் தரமாட்டார்கள். அதனால் முதல் ஆளாக உள்ளே போகிறவன் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் போனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவான். மற்றவர்கள் கம்பெனி பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவிடுவார்கள். வருஷா வருஷம் அதே அட்டை. பஸ்ஸில் ஒருத்தன் ஆரம்பித்தால் பஸ்ஸே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் அட்டை இல்லை. மெஷின் வருகிறது. தாடையை வைத்து உள்ளே பார்க்கிற மெஷின். அதை யாரும் போனில் அனுப்ப முடியாது. ஆனால் புது லைனின் தலைவர் ஆபீஸ் கணக்கில் வருவார். அவருக்கு மெடிக்கல் கிடையாது.

அக்கா அவரை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். உள்ளறை என்றால் ஒரு திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் லைட் பெட்டி. பெட்டியின் ஒரு பக்கம் இங்கிலீஷ் எழுத்து, திருப்பினால் தமிழ் எழுத்து.

"நம்ம தாவீது பொண்ணு கடையாச்சேன்னுதான் இங்க வந்தேன்," என்றார் சார். "வெளிய பேச்சு போவக்கூடாது."

சாராள் அக்காவின் அப்பா தாவீது, சாருடைய அப்பாவின் வயலில் கூலிக்கு நின்றவர். பொன்னேரிப் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரியும்.

"எங்கப்பா உங்க வயல்ல நின்னாரு சார்," என்றாள் அக்கா. "நான் நிக்கல. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இடது கண்ணை மறைக்கச் சொன்னாள். மறைத்தார். மறைத்த கையோடு ஆரம்பித்துவிட்டார்.

"ஈ. எஃப், பி. டி, ஓ, இஸட்..."

எல்லா வரியும் சொன்னார். கடைசிக் குட்டி வரிகூடச் சொன்னார். நடுவில் மூச்சு விடும் இடம்கூட பஸ்ஸில் நாங்கள் விடுகிற அதே இடம். எனக்கு வாய் தானாக அசைந்தது.

அவர் முடிக்கும்வரை அக்கா ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு சொன்னாள்: "சார், நான் இன்னும் லைட்டே போடலை."

திரைக்கு இந்தப் பக்கம் தமிழ்செல்வி சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், வேடிக்கை என்று நினைத்து. அக்கா பெட்டியைத் தமிழ் பக்கம் திருப்பி லைட்டைப் போட்டாள். "இப்போ படிங்க."

சார் படிக்கவில்லை.

"முதல் எழுத்து? பெரிய எழுத்துதான் சார்."

"சுத்தி தெரியுது," என்றார். "நடுவுல இல்ல."

"அடுத்த கண்ணு?"

"இதுல இருக்குது. ஆனா நடுவுல கசங்கினா மாதிரி. கோடெல்லாம் வளைஞ்சிக்கினு கீது."

தமிழ்செல்வியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எழுந்து வந்து திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். அக்கா சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, கருவியை வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தாள்.  வெளியே லோகு யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"சுகர் எவ்ளோ நாளா இருக்குது சார்?"

"இருக்குது. மாத்திரை போட்டுக்கினுதான் இருக்கேன்."

"எங்க போட்டீங்க?" என்றாள் தமிழ்செல்வி. "மாத்திரை அப்படியே அலமாரில கீது."

அக்கா கருவியை அணைத்தாள். "இது கண்ணாடியில சரியாவற விஷயம் இல்ல. சுகரால உள்ள விழித்திரை நடுவுல நீர் கோத்துக்கினு வீங்கியிருக்கு. வலது பக்கம் முத்திடுச்சு. இடது இப்பதான் ஆரம்பம். கண்ணுல ஊசி போடுவாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல. சீக்கிரம் போனா இடதை நிறுத்திடலாம். தள்ளிப் போட்டா போனது போனதுதான். நான் டாக்டர் இல்ல, ஆனா இத்த நிறையப் பாத்திருக்கேன்."

"ஞாயித்துக்கெழமை முடியட்டும்," என்றார் சார்.

"நாளைக்கே போங்க."

"நாளைக்கு லீவு போட்டா கம்பெனில ஏன்னு கேப்பான். இன்சூரன்ஸ்ல போனா ஹெச்ஆருக்குத் தெரியும். ஹெச்ஆருக்குத் தெரிஞ்சா வசந்தகுமாருக்குத் தெரியும். கூலிங்கிளாஸ் காட்டும்மா."

"உங்க ஷாப்புல இருந்த பச்சையப்பன இதே மாதிரி கண்ணு தெரியலைன்னுதானே வேலைய விட்டு அனுப்பினீங்க?" என்றாள் தமிழ்செல்வி. "அவன் பொண்டாட்டி நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னாளே."

"அனுப்பினேன். அதனாலதான் சொல்றேன், கூலிங்கிளாஸ் காட்டுன்னு."

அதற்குப் பிறகு வேலைதான் நடந்தது. நான் ஃப்ரேம்களை எடுத்துவந்து அடுக்கினேன். விளையாட்டுக்காரர்கள் போடுகிற, முகத்தைச் சுற்றி வளைந்து வருகிற வகை சார் கைக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு வளைவில் பவர் வைத்தால் ஓரத்தில் பார்வை இழுக்கும் என்று அக்கா சொல்லி, கொஞ்சம் தட்டையானதாக எடுக்கச் சொன்னாள். வழக்கமாக அவர் போடுவது கீழே படிக்கிற பவர் வைத்த லென்ஸ். அது கோல்ஃபுக்கு ஆகாது. குனிந்து காலடியில் பந்தைப் பார்க்கும்போது படிக்கிற பவர் குறுக்கே வந்து பந்து மங்கிவிடும். தூரத்துப் பவர் மட்டும் போதும் என்று முடிவானது. கடைசியில் கலர்.

"பச்சைப் புல்லு மேல வெள்ளைப் பந்து எடுப்பாத் தெரியணும்னா பிரவுன்தான்," என்றாள் அக்கா. "கறுப்பு எல்லாத்தையும் ஒரே அளவா இருட்டாக்கிடும். உங்களுக்கு இருக்கற பார்வைக்கு அது கூடவே கூடாது."

கடைக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருக்கிறது. மழைக்கு முளைத்த புல்லும் பிளாஸ்டிக் பையும் மண்டிக் கிடக்கும். அங்கே போய்ப் பார்க்கலாம் என்றார் சார். சோதனை ஃப்ரேமில் பிரவுன் லென்ஸைச் செருகி அவர் மூக்கில் மாட்டினேன். அது வட்டமாக, திருகாணியோடு, பார்க்க ஏதோ மெஷின் பாகம் மாதிரி இருக்கும். பிரஸ் ஷாப்பே கண்டு நடுங்குகிற மனிதர் அதை மாட்டிக்கொண்டு பஜார் வெயிலில் நின்றார். எதிர் டீக்கடையில் நாலு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். லோகு பந்தைப் புல்லில் கொண்டுபோய் வைத்தான்.

சார் முகத்தை மெதுவாகத் திருப்பினார். திருப்பித் திருப்பி, மனையின் மூலையில் இருந்த கரண்ட் கம்பத்துக்கு நேராக நிறுத்தினார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். "அதோ."

கை சரியாகப் பந்தைக் காட்டியது. கண் கம்பத்தைப் பார்த்தது.

"இன்னாங்க," என்றாள் தமிழ்செல்வி. "அங்க இன்னாத்த பாக்கறீங்க?"

"பந்த."

"பந்து இங்கதானே கீது."

"நேரா பாத்தா தெரியாது. பக்கத்துல பாத்தாத்தான் அது தெரியும். அப்படிப் பழகிக்கினேன்."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அதான் என் மூஞ்சப் பாக்காம காதப் பாத்துப் பேசினு இருந்தீங்களா இத்தன நாளா? நான் வேற இன்னாமோ நெனச்சிக்கினு... கோயில்ல போய் அழுதேன்யா நான். வேற எவளோன்னு நெனச்சி."

"உளறாத. ரோட்டுல நின்னுக்கினு."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லி?"

  ஒரு பன்றி வந்து பந்தை முகர்ந்துவிட்டுப் போனது. லோகு அதை விரட்டினான்.

"இதுல தெரியுது இல்ல சார்?" என்றாள் அக்கா. "பிரவுனே போட்டுடலாம்."

சார் அவளைப் பார்த்து, அதாவது அவள் தோளைப் பார்த்து, கேட்டார்: "இத்த போட்டா என் கண்ணு வெளிய தெரியுமா?"

"லேசாத் தெரியும்."

"எங்க பாக்கறேன்னு தெரியுமா?"

அக்கா தயங்கினாள். "உத்துப் பாத்தா தெரியும்."

"டைரக்டர் உத்துப் பாக்கறவரு. எதிர்ல நிக்கறவன் கண்ணப் பாத்துத்தான் பேசுவாரு. கறுப்பு குடு. வெளிய கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்குமே, அது."

கறுப்பை மாட்டினேன். அவர் மறுபடி முகத்தைத் திருப்பினார். கம்பம், மதில், டீக்கடை, மறுபடி கம்பம். லோகு பந்துக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினான். சார் லோகுவின் கையை மட்டும் கண்டுபிடித்தார்.

"பந்து?" என்றாள் அக்கா.

"இல்ல."

"அப்புறம் எப்படி சார் ஆடுவீங்க? பந்தே தெரியாம?"

"லோகு பந்த வெப்பான். கால எங்க வெக்கணும்னு சொல்லுவான். நான் அடிப்பேன். எங்க போச்சுன்னு அவன் சொல்லுவான்."

"என்னை ஏன் சார் மாட்டி உடறீங்க," என்றான் லோகு.

"பிரஸ்ல டை அச்சு மாட்டறப்போ கண்ணால பாத்தா மாட்டறோம்? கைதானே பழகியிருக்கு. அது மாதிரிதான். கறுப்பே போடும்மா."

அக்கா தமிழ்செல்வியைப் பார்த்தாள். தமிழ்செல்வி வேறு பக்கம் பார்த்தாள். அக்கா உள்ளே போய் சென்னையில் கண் ஆஸ்பத்திரியில் இருக்கும் தோழிக்குப் போன் செய்தாள். திரும்பி வந்து தமிழ்செல்வியிடம்தான் சொன்னாள், அவரிடம் இல்லை: "திங்கக்கெழமை காலைல பெரிய டாக்டர் பாக்கறேன்னுட்டாரு. மத்தியானம் வெளியூர் கெளம்பிடுவாரு. அவர விட்டா, திரும்பி வர ரொம்ப நாளு ஆவும். கூட்டிக்கினு வந்துடுங்க."

"திங்கக்கெழமை வரேன்," என்றார் சார். "ஞாயிறு ஒண்ணு முடியட்டும். கைக்காசு போட்டே பாத்துக்கறேன். தாவீது மேல சத்தியம்."

"எங்கப்பா மேல எதுக்கு சார் சத்தியம் பண்றீங்க?" என்றாள் அக்கா. "உங்க கண்ணு மேல பண்ணுங்க."

அவர் எதன் மேலும் பண்ணவில்லை.

சனிக்கிழமை லென்ஸ் வந்தது. நான் மாட்டிக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, இரண்டு கறுப்புத் தகட்டிலும் என் முகம்தான் தெரிந்தது, சின்னதாக, வீங்கிப்போய். அவர் கண் தெரியவில்லை. "எப்படி இருக்குது?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. பணக்காரர் மாதிரி இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லோகு வந்தான். கடை எதிரில் டீ வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"கெடைச்சிடுச்சுடா," என்றான்.

"இன்னா கெடைச்சுது?"

"போஸ்ட்டு. சாருக்கு. அத்த வுடு, எப்படின்னு கேளு." டீயை ஊதினான். "மொத அடி நல்லாத்தான் போச்சு. நான் பந்த வெச்சி, ‘சார் வலது காலு கொஞ்சம் பின்னாடி’ன்னு காதுல சொல்றேன். அடிச்சாரு. பறந்துச்சு. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ரெண்டாவதும் ஓக்கே. மூணாவது எடத்துல டைரக்டர் இன்னா பண்ணாரு, பெரிய மனுசன் மரியாதை பண்றாராமா, அவரே குனிஞ்சி பந்த வெச்சாரு. எங்க வெச்சாருன்னு இவருக்குத் தெரியல. நான் தூரத்துல கீறேன். ஓங்கி அடிச்சாரு பாரு, புல்லு, மண்ணு எல்லாம் பேந்துக்கினு டைரக்டரு ஷூ மேல. பந்து அங்கேயே கீது. வசந்தகுமாரு வாயப் பொத்திக்கினு சிரிக்கிறான்."

"அப்புறம்?"

"டைரக்டரும் சிரிச்சிட்டாரு. கிட்ட வந்து, ‘நைஸ் கிளாஸ்’னு சொல்லி, கைய நீட்டிட்டாருடா. போட்டுப் பாக்கணுமாம். கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? சாரு கழட்டிக் குடுத்துட்டாரு. செத்தோம்னு நெனச்சேன். அவரு மாட்டிக்கினு, அப்படி இப்படிப் பாத்துட்டு, சாருகிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு. புது லைனப் பத்தி. ரொம்ப நேரம். சாருக்கு கண்ணு வெறுமையா கீது. தலையக் கீழத் தொங்கப் போட்டுக்கினு, பக்கத்துல மண்ணப் பாத்துக்கினு, யெஸ் சார், யெஸ் சார்னு நிக்கிறாரு. வசந்தகுமாரு இருக்கானே, அவன் நிமிந்து நேரா டைரக்டரு கண்ணையே பாத்து இங்கிலீஷ்ல கிழிக்கிறான்."

"சரி."

"திரும்பி வர்றப்போ கார்ல பின்னாடி டைரக்டரு இன்டர்பிரட்டர்கிட்ட அவங்க பாஷைல சொல்றாரு, எறங்கினப்புறம் அவரு எனக்குச் சொன்னாரு. நம்ம சாரு மரியாதை தெரிஞ்சவருன்னு. அவங்க ஊர்ல பெரியவங்க எதிர்ல நின்னா நேருக்கு நேரு பாக்க மாட்டாங்களாம். இந்தியால இத்தன வருசத்துல இவரு ஒருத்தருக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்குதாம். வசந்தகுமாரு மொறைக்கிறானாம்." லோகு டீயைக் குடித்து முடித்தான். "கண்ணாடியே தேவைப்படல பாரு. அத்தக் கழட்டினதாலதான் வேலையே கெடைச்சிருக்கு. டைரக்டருக்கும் அதே மாதிரி ஒண்ணு வோணுமாம், பவர் இல்லாம. அக்காகிட்ட சொல்லு."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறாரா?"

லோகு கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். "நாளைக்குக் காலைல புது லைனுக்குப் பூஜை போட்டுட்டாங்கடா. டைரக்டரு நாளைக்கே சாவி குடுக்கணும்ன்றாரு."

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். அவள் ஒரு குழந்தையின் கண்ணாடிக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தாள். முடுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "டைரக்டருக்குன்னா ஆர்டர் எடுக்க மாட்டேன்னு சொல்லு," என்றாள். பிறகு, "இல்ல, எடுத்துக்கறேன். கடை வாடகை கட்டணும்," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் தமிழ்செல்வி போன் செய்தாள். பூஜைக்கு வந்திருக்கிறேன், அவர் கிளம்ப மாட்டேன் என்கிறார், நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் யாராவது வாருங்கள் என்றாள். கடையில் கண் காட்ட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைப் போகச் சொன்னாள். "லோகு வண்டியிலயே போ. பூஜை முடிஞ்ச கையோட அப்படியே ஏத்திக்கினு சென்னைக்குப் போயிடு. டாக்டர் உக்காந்துக்கினு கீறாரு, தோழி சொல்லிட்டா. எங்கயும் நிக்காத."

விட்டுவந்த கம்பெனிக்குள் நான் மறுபடி போவேன் என்று நினைத்ததில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி சரவணன் என்னைப் பார்த்து, "இன்னாடா, வேல கேட்டு வந்துட்டியா?" என்றான். லோகு, மேனேஜர் வீட்டு ஆள் என்று சொல்லி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். பிரஸ் ஷாப் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்தது. அது மட்டும் மாறவே இல்லை.

புது லைன் கட்டிடம் வெள்ளையாக, ஜன்னல் இல்லாமல், பெட்டி மாதிரி இருந்தது. வாசலில் பூசணிக்காய் உடைந்து சிவப்பாகக் கிடந்தது. நெற்றியில் குங்குமத்தோடு டைரக்டர் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு முன்னால் உள்ளே போனார். மற்றவர்கள் லட்டு டப்பாவோடு கலைந்துகொண்டிருந்தார்கள். வசந்தகுமார் தூரத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சார் மாலையைக் கழற்றித் தமிழ்செல்வி கையில் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நிழலில் நின்றும் கழற்றவில்லை.

"சார், சாராள் அக்கா அனுப்பிச்சாங்க," என்றேன். "வண்டி ரெடியா கீது. மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

"யாரு, விமலா?" குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். "நைட் ஷிப்ட்ட வுட்டு ஓடினவன்தானே நீ. நீ வந்து என்னைக் கூட்டிக்கினு போறியா?"

"நீங்க வந்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம் சார்."

"உள்ள எனக்காக டைரக்டர் நிக்கிறாரு. மொத பீஸ் என் கையால வரணுமாம். மொத நாளே லீவு கேட்டா இன்னா அர்த்தம்?"

"மொத பீஸ் வந்ததும் போலாமில்ல?" என்றாள் தமிழ்செல்வி.

"மொத பீஸ் வந்தா ரெண்டாவது வரும். இந்த மாசம் முடியட்டும் செல்வி. இனிமே எனக்கு மெடிக்கல் இல்ல. யாரும் கேக்க மாட்டாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

"அவசரம் மெடிக்கலுக்கா? கண்ணுக்கா?"

"மெதுவாப் பேசு."

"அந்த டாக்டரு போனா வர மாட்டாராம். அந்தப் பொண்ணு தெளிவா சொல்லிச்சு. இருக்கறதும் போயிடும்னு."

"இருபது வருசமா இந்த நாத்தத்துல நின்னு இங்க வந்து சேந்திருக்கேன்," என்றார். "இப்பப் போய், எனக்குக் கண்ணு இல்லன்னு சொல்லிட்டு ஊட்டுக்கு வரச் சொல்றியா? வந்து இன்னா பண்ண? வயல்ல எலி அடிக்கவா?"

 மாலை அவள் கையில் ஈரமாகத் தொங்கியது.

"போறேன்," என்றார்.

கதவு கண்ணாடிக் கதவு. அதற்குச் சாவி இல்லை. பக்கத்துச் சுவரில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதில் அட்டையைக் காட்டினால் திறக்கும். சார் கழுத்தில் தொங்கிய புது அட்டையை எடுத்துச் சுவரில் வைத்தார். பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரில். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் மேலே வைத்தார். பிறகு அட்டையைச் சுவரோடு தேய்த்துக்கொண்டே போனார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார், கம்பத்தைப் பார்த்த மாதிரி. அந்தக் கண்ணாடியில் அதுவும் உதவவில்லை.

உள்ளேயிருந்து டைரக்டர் திரும்பிப் பார்த்தார். சிரித்த முகத்தோடுதான் பார்த்தார். வரச்சொல்லிக் கையை அசைத்தார். சாருக்கு அது தெரிந்திருக்காது. வசந்தகுமார் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் போதும். எல்லாருக்கும் புரிந்திருக்கும். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். புரிந்தால் அவரை வண்டியில் ஏற்றிவிடலாம். வேலை போகும், கண் ஒன்று மிஞ்சும். லோகுவும் அசையாமல் நின்றான்.

தமிழ்செல்வி டைரக்டரைப் பார்த்தாள். வசந்தகுமாரைப் பார்த்தாள். பிறகு மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, புருஷனின் சட்டைக் கையைச் சரிசெய்கிறவள் மாதிரி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அதை நகர்த்திக் கறுப்புப் பெட்டியின் மேல் வைத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஏசி குளிர் வந்து எங்கள் முகத்தில் பட்டது. அவர் அவள் பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்துகொண்டு, உள்ளே போனார். கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது, பூட்டு விழுந்தது.